ஏரியா மாறினா பிள்ளையோட வருமானம் மாறுமா?

டெல்லி ஜங்புரால தமிழ்க் குடும்பங்க இருந்த குடிசைப் பகுதியான மதராஸி கேம்ப்பை 2025 ஜூன்ல இடிச்சு, தகுதி இருக்குன்னு சொன்ன குடும்பங்களுக்கு டெல்லியோட வடக்கு ஓரத்துல இருக்கிற நரேலால ஃப்ளாட் குடுத்தாங்க இல்லையா, அதுலேர்ந்து மயூர் விஹார் அக்கா ஒருத்தங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க: "சின்ன வயசுல இருந்த ஏரியாவால பிற்காலச் சம்பளம் மாறும்ங்கிறாங்களே, அதை எப்படிப்பா அளப்பாங்க?"

நல்ல ஏரியால வளர்ந்தவங்க நிறைய சம்பாதிக்கிறாங்கன்னு காட்டினா மட்டும் போதாது, வசதியான அப்பா அம்மாதானே அங்க குடி போறாங்க, அப்போ காரணம் ஏரியாவா, அவங்களா?

டெல்லில பொறந்த ராஜ் செட்டி, நேதனியல் ஹெண்ட்ரன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பிரிச்ச விதம் இருக்கே, எனக்கு எத்தனை தடவை படிச்சாலும் சலிக்காது. அமெரிக்க வருமான வரி ரெக்கார்டுல ஊர் மாறின 70 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எடுத்து, ஒரே வீட்டுப் பிள்ளைங்களையே ஒப்பிட்டாங்க. மாறும்போது அக்காவுக்கு 14, தம்பிக்கு 8னு வைங்க. அப்பா அம்மா ஒண்ணுதான், ஆனா தம்பிக்குப் புது ஊர்ல 6 வருஷம் கூட. பழைய ஊர்ல வளர்ந்தவங்களுக்கும் புது ஊர்ல வளர்ந்தவங்களுக்கும் இருக்கிற வருமான இடைவெளில, வருஷத்துக்கு சுமார் 4% வீதம் அந்தப் பிள்ளை புது ஊர்ப் பக்கம் நகருது. மோசமான ஊருக்குப் போனா கீழ இறங்குது.

சரி, அப்பாவுக்கு பிரமோஷன் வந்து அதனால ஊர் மாறியிருந்தா? அந்தக் காசும் தம்பிக்குத்தானே கூட வருஷம் கிடைச்சிருக்கும்? அதையும் விடலை. ஒரே ஊர்ல ஒரு வருஷம் பொறந்தவங்க நல்லா வந்து, சில வருஷம் தள்ளிப் பொறந்தவங்க அந்த அளவுக்கு வரலைன்னா, குடியேறின பிள்ளையும் தன் வயசுக்காரங்க மாதிரியேதான் வருது. அந்த முடிவு 20 வருஷம் கழிச்சுத்தான் தெரியும், எந்த அப்பா அம்மாவும் அதைப் பார்த்து வீடு தேடியிருக்க முடியாது! தலையெழுத்துன்னு சொல்லி முடிச்சுக்கிறவங்களுக்கு நான் இந்த ஒண்ணைத்தான் காட்டுவேன்.

குலுக்கல் போட்டும் பார்த்திருக்காங்க. 1994-98ல அமெரிக்கால 5 நகரத்து ஏழைக் குடும்பங்களுக்கு, வறுமை குறைஞ்ச ஏரியாவுக்குப் போக வவுச்சர் (வாடகை உதவிச் சீட்டு) குடுத்தாங்க, 13 வயசுக்குள்ள அப்படிப் போன பிள்ளைங்க இருபதுகளோட நடுவுல, குலுக்கல்ல கிடைக்காத வீட்டுப் பிள்ளைங்களை விட 31% அதிகம் சம்பாதிச்சாங்க, 13 தாண்டினவங்களுக்கு லாபமே இல்லை.

ஆனா இதை அப்படியே நரேலாவுக்குப் பொருத்திடாதீங்க. அகமதாபாத்ல 1987ல பீடித் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குலுக்கல்ல வீடு குடுத்தாங்க, நகரத்துலேர்ந்து 12 கிலோமீட்டர் தள்ளி. 14 வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா கிடைச்சவங்களுக்கும் கிடைக்காதவங்களுக்கும் வருமானத்துல வித்தியாசமே இல்லை, 34% பேர் குடியே போகலை, போனவங்கள்லயும் நிறைய பேர் திரும்பி வந்துட்டாங்க. சொந்தபந்தம், வேலை எல்லாம் பழைய இடத்துலதானே.

நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க வருமான வரியே கட்டாததால அந்த ரெக்கார்டு வழி இங்க ஓடாது. அதனால அரசாங்கம் ஒவ்வொரு தடவை ஜனங்களைத் தூக்கி வேற இடத்துல வைக்கும்போதும், எந்தப் பிள்ளை எந்த வயசுல போச்சு, எந்த ஸ்கூல்ல சேர்ந்துச்சுன்னு எழுதி வச்சு 20 வருஷம் பின்தொடரணும், அதுக்குப் பணம் ஒதுக்கணும். ஃப்ளாட் கட்டுற செலவுல இது ஒரு ஓரத்துக்குக் கூட வராது.