என்டைட்டில்மென்ட்னா சலுகை இல்லீங்க, உரித்து

அமெரிக்க பட்ஜெட் சண்டை வரும்போதெல்லாம் நம்ம செய்தி மொழிபெயர்க்கிற ஆளுங்க "முதியோர் சலுகைகளை வெட்டத் திட்டம்"னு போடுறாங்க, இந்த வாரமும் ஒரு டிவி ஸ்க்ரோல்ல ஓடுச்சு, இதுக்கு மேல பொறுக்க முடியல. அங்க இங்கிலீஷ்ல சொல்றது என்டைட்டில்மென்ட் (entitlement). லத்தீன் டிட்டுலுஸ், பிரெஞ்சு வழியா வந்தது, நிலத்துக்கு டைட்டில் கிளியரான்னு வக்கீல் பாப்பாரே, அதே டைட்டில்தான் உள்ள இருக்கு.

சலுகைன்னா கொடுக்குறவர் மனசு வெச்சாத்தான் உண்டு. ரயில்ல மூத்த குடிமக்களுக்கு டிக்கெட் குறைச்சாங்களே, அது சலுகை, 2020 மார்ச்ல நிறுத்தினாங்க, அவ்ளோதான் போச்சு. அமெரிக்காவோட அரசு ஓய்வூதியத் திட்டமான சோசியல் செக்யூரிட்டி அப்படியா? 1935ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட சட்டம். தொழிலாளி சம்பளத்துல 6.2 சதவீதம் புடிக்கிறாங்க, முதலாளி இன்னொரு 6.2 கட்டணும், குறைஞ்சது பத்து வருஷ வேலைக்கான 40 கிரெடிட் சேந்தாத்தான் ஓய்வுக்காலப் பணம். இதைப் போய் சலுகைன்னு எழுதினா, காலம் பூரா கட்டினவர் யார்கிட்டயோ கையேந்தி நிக்கிறார்னு ஆயிடுது. அங்கயே நிறைய பேர் "என்டைட்டில்மென்ட்னு சொல்லாதே, இது நான் கட்டின காசு"ன்னு கொதிக்கிறாங்க, ஏன்னா இங்கிலீஷ்லயும் அந்தச் சொல்மேல 'எல்லாம் எனக்கே வேணும்ங்கிற திமிர்'னு ஒரு வசவு ஏறிடுச்சு. சட்டத்துல அர்த்தமே வேற, தகுதி இருந்தா அரசாங்கம் கொடுத்தே ஆகணும்.

அதுக்காக "சேமிப்பு"ன்னு எழுதுறதும் தப்புதான். நம்ம பிஎஃப் மாதிரி அவங்கவங்க பேர்ல கிடக்குற பணம் இல்ல, இன்னைக்கு வேலை பாக்குறவங்க கட்டுற வரிதான் இன்னைக்கு ரிட்டயர் ஆனவங்களுக்குப் போகுது. 1940ல முதல் மாதாந்திர செக் வாங்கின ஐடா மே ஃபுல்லர் அதுவரைக்கும் கட்டினது மொத்தம் 24.75 டாலர், அந்த ஒரு செக்கே 22.54. கட்டினதாலயே அது சொத்துரிமை ஆயிடாது, சட்டத்தை காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், மாத்தலாம்னு 1960ல அங்கத்த உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

அதனாலதான் உரித்துன்னு சொல்றேன், அதாவது ஒருத்தருக்கு உரிமையா சேர வேண்டியது. "நன்றி உரித்தாகுக"ன்னு எல்லாரும் எழுதுறோம், இலங்கைத் தமிழ்ல உரித்துடையவர்னு சாதாரணமா வரும், புதுசா எதையும் உருவாக்க வேண்டாம். வெறும் உரிமைன்னா பேச்சுரிமை, வாக்குரிமையோட குழம்பும். உரிமைத்தொகைன்னா 2023ல தமிழ்நாட்டுல தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாசம் 1000 ரூபாய்னு ஆரம்பிச்ச மகளிர் திட்டம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், அதுக்கு யாரும் சம்பளத்துல இருந்து கட்டுறதில்ல. டிக்‌ஷனரில முதல்ல கண்ணுல படுற சொல்லை எடுத்து ஒட்டாம, மொழிபெயர்க்கிறவங்க "ஓய்வுக்கால உரித்தைக் குறைக்கத் திட்டம்"னு ஒரு தடவை போட்டுப் பாருங்க, யார் கையில இருந்து எதை எடுக்கப் போறாங்கன்னு படிக்கிறவருக்கு அப்பவே தெரியும்.