கல்லைத் தண்ணீரில் போடுவதா, தண்ணீரைக் கல்மேல் விடுவதா?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும் என்று பள்ளியில் படித்தோம். அதற்கு ஒரு மூடி போட்ட டின்னும் ஒரு குழாயும் போதுமே. வெல்டிங் பட்டறையில் இருக்கும் அசிட்டிலீன் ஜெனரேட்டரில் ஏன் இத்தனை தொட்டி, வால்வு, குழாய்?”

நல்ல கேள்வி. வாயுவை வரவழைக்க டின்னே போதும்தான். ஆனால் போதும் என்றதும் வாயு நிற்க வேண்டும். வரும்போது அளவுக்கு மீறிச் சூடாகக் கூடாது. போன வழியே நெருப்பு திரும்பி வரக் கூடாது. மற்ற உறுப்புகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான் இருக்கின்றன.

வேதியியலை முதலில் முடித்துவிடுவோம். சுட்ட சுண்ணாம்பையும் கோக் கரியையும் மின் உலையில் 2000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கால்சியம் கார்பைடு கிடைக்கும். 1892-இல் வட கரோலினாவில் தாமஸ் வில்சன், கால்சியம் உலோகம் கிடைக்கும் என்று நம்பிச் சுண்ணாம்பையும் தாரையும் உலையில் இட்டார். கிடைத்தது எளிதில் உடையும் ஒரு கரும் கல். அதைத் தண்ணீரில் போட்டதும் வாயு கிளம்பியது. கால்சியமாக இருந்தால் ஹைட்ரஜன் வந்திருக்கும்; அது புகையில்லாமல் எரியும். இந்த வாயுவோ கரும்புகை கக்கி எரிந்தது. அதில் கார்பன் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. எட்மண்ட் டேவி 1836-லேயே கண்டுபிடித்திருந்த அசிட்டிலீன், அதன் பிறகுதான் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தது.

கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் அசிட்டிலீனும் நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகும். சந்தையில் கிடைக்கும் கல் முழுத் தூய்மையானதல்ல. ஒரு கிலோவுக்கு 250 முதல் 300 லிட்டர் வாயு கிடைக்கும். வினைக்கு மட்டும் தேவைப்படும் தண்ணீர் பார்த்தால் கிலோவுக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் ஜெனரேட்டரில் கிலோவுக்கு 8 லிட்டருக்கு மேல் நிரப்புகிறார்கள். ஏன் இவ்வளவு?

ஆய்வுக்கூடத்தில் பட்டாணி அளவு கார்பைடை ஒரு பீக்கர் தண்ணீரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு விடை கையிலேயே தெரிந்திருக்கும். கல் அடியில் போய் உட்காரும். உட்கார்ந்த இடத்திலிருந்து குமிழிகள் சரமாகக் கிளம்பும். அவை தள்ளுகிற வேகத்தில் கல் ஆடும், புரளும். ஒரு பக்கமாக வெள்ளை மேகம்போலச் சுண்ணாம்பு கலங்கி எழும். இரண்டு நிமிடத்தில் பீக்கர் முழுக்கப் பால். இப்போது பீக்கரைத் தொட்டால் வெதுவெதுப்பு. ஒரு பட்டாணிக்கு இந்தச் சூடு என்றால், ஒரு கிலோ தூய கார்பைடு வெளியிடும் வெப்பம் சுமார் 2000 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். மிகுதித் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத்தான்.

எதை எதில் சேர்ப்பது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இரண்டு வழிகள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்மேல் விடலாம். அல்லது கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறைய தண்ணீரில் போடலாம். தாளில் சமன்பாடு இரண்டுக்கும் ஒன்றுதான். நடப்பில் இரண்டும் வெவ்வேறு இயந்திரங்கள்.

சுரங்கத் தொழிலாளர்கள் தொப்பியில் மாட்டிக்கொண்ட கார்பைடு விளக்கு முதல் வகை. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல், நடுவில் ஓர் ஊசி வால்வு. வால்வைத் திருகினால் தண்ணீர் சொட்டும், வாயு கிளம்பும், சிறு துளை வழியே வெளியேறி எரியும். உள்ளங்கையில் அடங்கும் ஜெனரேட்டர் அது. சிறிய விளக்குக்கு இந்த ஏற்பாடு பொருத்தம். பெரிதாக்கினால் சிக்கல். சொட்டும் தண்ணீர் விழுகிற இடத்தில் சூட்டை எடுத்துப்போக எதுவும் இல்லை. அங்கே வெப்பநிலை சில நூறு டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டில் அசிட்டிலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பென்சீனும் தாருமாக மாறத் தொடங்கும். கண்ணாடிக் குழாயில் அசிட்டிலீனைச் சூடாக்கிப் பென்சீன் எடுத்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தலோ. அவர் முயன்று செய்தது இங்கே கேட்காமலே நடக்கிறது. வாயுவும் வீணாகும், குழாயும் அடைக்கும். உள்ளே காற்று கொஞ்சம் இருந்துவிட்டால் அதைவிட மோசம்: அசிட்டிலீன் சுமார் 305 டிகிரியிலேயே காற்றில் தானாகத் தீப்பிடிக்கும்.

இந்த வகையின் இன்னொரு குறை எனக்கு மிகவும் சுவாரசியமானது. தண்ணீரை நிறுத்தினாலும் வாயு நிற்காது. சொட்டிய தண்ணீரில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு ஈரமாகப் பிடித்துவைத்திருக்கும். அது மெதுவாகக் கல்லுக்குப் போய்ச்சேரும். சூடு அதிகமாக இருந்தால் நீற்றிய சுண்ணாம்பு தனக்குள் இருக்கும் நீரையே கார்பைடுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி சுட்ட சுண்ணாம்பாகிவிடும். குழாயை மூடிய பிறகும் நெடுநேரம் இந்த மிச்ச வாயு வந்துகொண்டே இருக்கும். மூடிய கலத்தில் அது எங்கே போகும்?

அதனால்தான் பெரிய ஜெனரேட்டர்களில் கல்லைத் தண்ணீரில் போடும் முறை. மேலே காய்ந்த கல் நிறைந்த ஹாப்பர் என்ற புனல்போன்ற பெட்டி, கீழே தண்ணீர்த் தொட்டி. கல் சிறிது சிறிதாக விழும். விழுந்த ஒவ்வொரு துண்டையும் சுற்றி ஏராளமான தண்ணீர். சூடு உடனே பரவிவிடும். வாயுவும் தண்ணீருக்குள் ஏறி வரும்போதே குளிர்ந்து ஓரளவு கழுவப்பட்டுவிடும். கல் விழுவது நின்றால் சற்று நேரத்தில் வாயுவும் நிற்கும். துண்டுகள் சீரான அளவில் இருக்க வேண்டும், அது முக்கியம். தூள் விழுந்தால் ஒரே நொடியில் பொங்கிவிடும். பெரிய கட்டி சேற்றில் புதைந்தால் அங்கே மட்டும் சூடேறும். இதற்காகவே தொட்டியின் அடியில் சேற்றுக்கு மேலே ஒரு கம்பித் தட்டு இருக்கும், சேற்றைக் கலக்கிவிட ஒரு துடுப்பும் இருக்கும்.

சரி, எப்போது கல் விழ வேண்டும் என்று யார் சொல்வது? வாயுவே சொல்லும்.

தண்ணீர்த் தொட்டிக்குள் ஓர் அண்டாவைக் கவிழ்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அண்டாவுக்கு அடியில் வாயு சேரச் சேர அது மேலே எழும்பும்; வாயு செலவாகும்போது தாழும். அதோடு ஒரு நெம்புகோல் இணைந்திருக்கிறது. அண்டா தாழ்ந்ததும் நெம்புகோல் ஹாப்பரின் வாயைத் திறக்கும், நாலு துண்டு விழும், வாயு கிளம்பும், அண்டா எழும், வாய் மூடிக்கொள்ளும். டார்ச்சில், அதாவது அசிட்டிலீனையும் ஆக்சிஜனையும் கலந்து எரிக்கும் வெல்டிங் கருவியில், சுடரைக் கூட்டினால் அண்டா சீக்கிரம் தாழும், கல் அடிக்கடி விழும். சுடரை அணைத்தால் அண்டா உயர்ந்தே நிற்கும், கல் விழாது. மின்சாரமோ மின்னணுச் சுற்றோ இல்லை. ஓர் எடையும் ஒரு கம்பியும் பார்க்கிற வேலை இது. மேலே சொன்ன மிச்ச வாயுவுக்கும் அண்டாவிலேயே இடம் விட்டிருப்பார்கள்.

அழுத்தத்தையும் அந்த அண்டாதான் சீராக வைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 செண்டிமீட்டர் விட்டமும் 40 கிலோ எடையும் உள்ள அண்டா என்றால், எடையைப் பரப்பால் வகுத்தால் வருவது சுமார் 14 செண்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம். உள்ளே வாயு கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் அண்டாவின் எடை கிட்டத்தட்ட அதேதான். அதனால் அழுத்தமும் அதேதான். சுடர் துடிக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த உறுப்புக்கு வருகிறேன். ஜெனரேட்டருக்கும் டார்ச்சுக்கும் நடுவே, ஒரு முழ உயரத்தில் ஒரு சாதாரண இரும்புக் குப்பி நிற்கும். நீர்ப்பூட்டு என்று சொல்லலாம். அதில் பாதிக்குத் தண்ணீர். ஜெனரேட்டரிலிருந்து வரும் குழாய் அந்தத் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும். டார்ச்சுக்குப் போகும் குழாய் தண்ணீருக்கு மேலே, காலியான இடத்திலிருந்து புறப்படும். மூன்றாவதாக ஒரு குழாய்: மேல்முனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும், கீழ்முனை தண்ணீருக்குள் இருக்கும், ஆனால் முதல் குழாயைவிடக் குறைந்த ஆழத்தில்.

வழக்கமான நேரத்தில் வாயு முதல் குழாயின் அடியில் குமிழியாக வெளியேறி, மேலே வந்து, டார்ச்சுக்குப் போகும். டார்ச்சின் முனை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆக்சிஜனின் அழுத்தம் அசிட்டிலீனைவிடப் பல மடங்கு அதிகம். வெளியேற வழியின்றி அது அசிட்டிலீன் குழாய்க்குள் புகுந்து திரும்பி வரும். சில நேரம் சுடரும் கூடவே வரும். நேராக ஜெனரேட்டருக்குள் போனால் பட்டறையே மிஞ்சாது. வழியில் இந்தக் குப்பி இருக்கிறது. திரும்பி வந்த வாயு தண்ணீர்மட்டத்தை அழுத்தும். தண்ணீர் இரண்டு குழாய்களுக்குள்ளும் ஏறும், குப்பியில் மட்டம் இறங்கும். இறங்கும்போது ஆழம் குறைந்த மூன்றாவது குழாயின் வாய்தான் முதலில் வெளிப்படும். வாயு அதன் வழியே வெளியே பாய்ந்துவிடும். ஜெனரேட்டருக்குப் போகும் குழாயின் வாய் அந்த நேரத்திலும் தண்ணீருக்குள்தான் இருக்கும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. துருப்பிடித்து நின்றுபோக ஸ்பிரிங் இல்லை. ஒரு குழாய் இன்னொன்றைவிடச் சில விரற்கடை குட்டை, அவ்வளவில் காரியம் முடிந்தது. இதை வரைந்து பார்த்து முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அதில் தண்ணீர் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. குப்பியின் பக்கத்தில் மட்டம் பார்க்க ஒரு சிறு குழாய் உண்டு. ஒரு பட்டறையில், வேலை தொடங்கும் முன் அதைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. வாயு போகும்போது ஈரத்தையும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு போகும். யாரும் மட்டம் பார்த்திருக்கவில்லை. எத்தனை நாள் அப்படியே ஓடியதோ. குப்பியை நிரப்பி, குழாயில் சொட்டு வந்த பிறகுதான் டார்ச் பற்றவைக்கப்பட்டது.

ஜெனரேட்டரின் அழுத்தம் ஏன் இவ்வளவு குறைவு என்றும் சொல்லிவிடுகிறேன். அசிட்டிலீன் தனக்குள் ஆற்றலைச் சுருட்டி வைத்திருக்கும் மூலக்கூறு. காற்றே இல்லாமல் கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் சிதறினாலே மோலுக்கு 227 கிலோஜூல் வெளிவரும். அழுத்தம் கூடினால் இந்தச் சிதறல் வெடிப்பாகப் பரவும். வளிமண்டலத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, அதாவது சுமார் 1 பார், என்ற எல்லையை அதற்காகத்தான் வகுத்திருக்கிறார்கள். சிலிண்டரில் மட்டும் எப்படி 15 பாருக்கு மேல் அடைக்கிறார்கள்? அங்கே வாயு தனியாக இல்லை. நுண்துளைப் பொருளில் ஊறிய அசிட்டோனில் கரைந்திருக்கிறது. அந்த நுண்துளைப் பொருளைச் செம்மைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு குஸ்தாவ் தலேன், 1912-இல் அசிட்டிலீன் சோதனை ஒன்றில் நடந்த வெடிப்பில் பார்வையை இழந்தார். கலங்கரை விளக்குகளுக்கான கருவிகளுக்காக அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

செம்பையும் கவனிக்க வேண்டும். ஈரமான அசிட்டிலீன் செம்போடு சேர்ந்து செம்பு அசிட்டிலைடு என்ற சேர்மத்தை உண்டாக்கும்; காய்ந்தால் லேசான உராய்விலேயே வெடிக்கும். ஜெனரேட்டரில் செம்புக் குழாய் கூடாது. பித்தளையிலும் செம்பின் பங்கு 65 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பூண்டு அழுகியதுபோன்ற அந்த வாடை அசிட்டிலீனுடையது அல்ல. கார்பைடில் கலந்திருக்கும் கால்சியம் பாஸ்பைடிலிருந்து வரும் பாஸ்பீன் அது. நஞ்சு. வாயுவை நல்ல வேலைக்குப் பயன்படுத்தும் முன் சுத்திகரிக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தண்ணீரில் எதையோ போட்டு, கிளம்பும் வாயுவைக் கொளுத்தி, “தண்ணீரே எரிபொருள்” என்று அடிக்கடி யாராவது காட்டுகிறார்கள். பார்ப்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். ஒரு டன் கார்பைடு செய்ய உலை சுமார் 3000 கிலோவாட்-மணி மின்சாரம் குடிக்கிறது. எரிவது அந்த ஆற்றலும் உலையில் இட்ட கரியின் ஆற்றலும்தான். தண்ணீர் அதைத் திறந்துவிடுகிறது. பள்ளிகளில் கார்பைடு சமன்பாட்டை எழுதவைப்பதோடு, எங்கிருந்து வந்தது இந்த ஆற்றல் என்று ஒரு கேள்வியையும் கேட்டிருந்தால், இப்படிப்பட்டவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறவர்கள் குறைந்திருப்பார்கள் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கேட்ட வாசகருக்கு ஒன்று: டின்னில் செய்து பார்க்காதீர்கள். காற்றில் அசிட்டிலீன் 2.5 விழுக்காடு இருந்தாலே தீப்பிடிக்கும். 80 விழுக்காடு வரை அப்படித்தான். டின்னுக்குள் முதலில் இருப்பது காற்று. முறையான ஜெனரேட்டரிலும் முதலில் வரும் வாயுவை, காற்று முழுக்கப் போகும்வரை, திறந்தவெளியில் விட்டுவிடுகிறார்கள்.

காலியான ஜெனரேட்டரும் அப்படியே. கல் தீர்ந்து, சேற்றை வடித்து, பல நாள் சும்மா கிடந்த தொட்டியில் ஓட்டை அடைக்க டார்ச் வைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. சேற்றில் ஒட்டியிருக்கும் ஒரு துண்டுக் கல்லும் கொஞ்சம் ஈரமும் போதும், உள்ளே வாயு மறுபடி சேர்ந்துவிடும். பழுது பார்க்கிறவர்கள் சேற்றைச் சுரண்டிக் கழுவிவிட்டு, தொட்டியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்புவார்கள். வாயு இருக்க இடமே இல்லாமல் போன பிறகுதான் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுவருவார்கள்.