பாசிக்கும் தாமரைக்கும் ஒரே உரமா?

வீடு வீடாகப் போய்த் தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஓர் அக்கா, "தம்பி, தாமரைக்குப் போடுற உரத்தைக் கொஞ்சம் கரைச்சுப் பாசிக்கும் ஊத்தினேன், பாருங்க இப்படி ஆயிடுச்சு" என்றார். தாமரை இலைகள் செழிப்பாக நின்றன, பக்கத்துத் தட்டில் இருந்த ஸ்பேக்னம் பாசி மட்டும் பழுப்பேறிக் கருகிக் கிடந்தது. இரண்டுமே ஈரத்தில் வளர்கிறதே, ஒரே கவனிப்பு போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெயர்க் குழப்பம் வேறு: குளத்துத் தண்ணீரைப் பச்சையாக்குவதும் பாசி, சுவரில் மெத்தைபோல் படர்வதும் பாசி. இந்த இரண்டாவதுதான் தண்டும் இலையும் உள்ள செடி, ஸ்பேக்னமும் இந்த வகைதான்.

ஆனால் அதற்கு வேர் கிடையாது, பூவும் விதையும் கிடையாது. ஸ்பேக்னத்தின் இலையில் உயிருள்ள செல்களுக்கு நடுவே வெறும் கூடாக நிற்கும் செத்த செல்கள் நிறைய உண்டு. அவற்றில்தான் தண்ணீர் தங்கும், காய்ந்த எடையைப்போல் சுமார் 20 மடங்குவரை பிடித்து வைக்கும். இலையாலேயே குடிப்பதால் தண்ணீரில் கரைந்திருப்பதெல்லாம் நேராக உள்ளே போய்விடுகிறது. உரம் அதைச் சுட்டுவிடுவது இதனால்தான். மழைநீரைத் தெளித்தாலே போதும்.

தாமரை நேர்மாறு. இலைமேல் தண்ணீர் ஒட்டாது; சாப்பாடெல்லாம் சேற்றில், கிழங்கின் கணுக்களில் இறங்கும் வேர்களால். சரி, சேற்றில் காற்றே இல்லையே, கிழங்கு எப்படி மூச்சுவிடும்? இலை வாங்கும் காற்று காம்பிலுள்ள நீண்ட துளைகள் வழியே கீழே இறங்குகிறது. சமைக்க வாங்கும் தாமரைக் கிழங்கை நறுக்கினால் வட்ட வட்டமாகத் தெரிவது அந்த வழிதான். ஆகவே பழுத்த இலையை நீர்மட்டத்துக்கு மேலேயே வெட்டுங்கள், கீழே வெட்டினால் துளைகளில் தண்ணீர் புகுந்து கிழங்கு அழுகலாம். பூக்கவில்லை என்றால் உரத்தைக் கூட்டாமல் முதலில் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரங்கள் பலவற்றில் அது கிடைப்பதில்லை.

அப்புறம் டெங்கி. இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நம் ஊர் வெப்பத்தில், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை வளர்ந்து கொசுவாக ஒரு வாரம் போதும். தாமரைத் தொட்டியில் கப்பி என்ற சின்ன மீன் நாலு விடுங்கள், கொசுப் புழுவைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரமின் மீனுக்கு ஆகாது, அதனால் அதை முறிக்க மீன் கடையில் விற்கும் மருந்தைக் கலந்த பிறகு விடுங்கள். பாசித் தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. அக்காவின் தட்டைத் தூக்கியபோது அடியில் புழுக்கள் நெளிந்தன. கொட்டியதோடு விடாமல் ஓரமெல்லாம் தேய்த்துக் கழுவினோம், ஏனென்றால் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.