பிரித்தானியாவில் டிப்ஸ் முழுவதும் தொழிலாளிக்கே

லண்டன் ரெஸ்டாரண்ட் ஒன்றில் 80 பவுண்டுக்குச் சாப்பிட்ட குடும்பம், 12.5% சர்வீஸ் சார்ஜ் 10 பவுண்டையும் சேர்த்துக் கார்டில் கட்டுகிறது. சட்டப்படி இதுவும் டிப்ஸ்தான். அந்த 10 பவுண்டில் கார்டு மெஷின் கட்டணம், கணக்கு பார்க்கும் செலவு என்று எதையும் முதலாளி கழிக்கக் கூடாது. வருமான வரி போலச் சட்டப்படி பிடிக்க வேண்டியதை மட்டும் பிடிக்கலாம். 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய டிப்ஸ் பங்கீட்டுச் சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் நடைமுறையில் இருக்கிறது. வட அயர்லாந்துக்கு இது பொருந்தாது.

நேரக் கணக்கில் வேலை செய்பவர், ஏஜென்சி மூலம் வந்தவர், சமையலறையில் பாத்திரம் கழுவுபவர் எல்லோரும் இதற்குள் அடக்கம். வாடிக்கையாளர் முகம் பார்க்கவில்லை என்பதற்காகக் கிச்சன்காரரை ஒதுக்கிவிடுவது பல கடைகளில் பழக்கம். நியாயமான காரணம் காட்ட முடியாவிட்டால் அது இனி செல்லாது. அதற்காக எல்லோருக்கும் சமபங்கு என்றும் சட்டம் சொல்லவில்லை. வேலையின் தன்மை, பொறுப்பு, சேவைக்காலம் ஆகியவற்றைப் பார்த்துப் பிரிக்கலாம். ஒரு கிளையில் விழுந்த டிப்ஸை இன்னொரு கிளை ஆட்களுக்குத் திருப்பிவிட முடியாது.

மேசையில் வைத்த ரொக்கத்தை வெயிட்டரே எடுத்துக்கொள்ளும் வழக்கமென்றால் இந்தச் சட்டம் அதில் தலையிடாது. வரி மட்டும் உண்டு. "எல்லாவற்றையும் பெட்டியில் போடுங்கள், நான் பிரிக்கிறேன்" என்று முதலாளி சொன்னால் அந்தக் காசும் சட்டத்துக்குள் வந்துவிடும்.

வாடிக்கையாளர் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் பணம் கைக்கு வர வேண்டும். அக்டோபர் 5-இல் விழுந்த டிப்ஸுக்கு நவம்பர் 30 கடைசி நாள். டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பும் வேலை 2009 முதலே சட்டவிரோதம். பேஸ்லிப்பில் மணிக்கூலியும் டிப்ஸும் ஒரே தொகையாகக் கிடந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வழக்கமாக டிப்ஸ் வாங்கும் கடை, அதை எப்படிப் பிரிக்கிறது என்பதை எழுதி வைத்து எல்லா ஊழியருக்கும் காட்ட வேண்டும். எவ்வளவு டிப்ஸ் வந்தது, யாருக்கு எவ்வளவு போனது என்ற பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இந்தப் பதிவேடுதான். வாயால் கேட்டால் பயனில்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று குறிப்பிட்டு ஈமெயிலில் கேளுங்கள். கடைக்கு வந்த மொத்த டிப்ஸையும் உங்கள் பங்கையும் 4 வாரத்துக்குள் தர வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்க முடியும் என்பதால், முதல் தடவையே எந்த மாதமும் விடுபடாமல் கேட்டுவிடுங்கள். எந்த நாள் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று உங்கள் பக்கமும் குறித்து வையுங்கள்; ஷிப்ட் பட்டியலைப் போனில் படம் எடுத்தாலே போதும்.

பங்கு வரவில்லை என்றால் முதலில், வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் ஏகாஸ் (Acas) அமைப்பின் சமரசப் பிரிவில் பதிய வேண்டும். அது இலவசம். அங்கே தீராவிட்டால் வேலை நீதிமன்றம். அதற்கும் கட்டணம் இல்லை. பணத்துக்கான கோரிக்கைக்கு 12 மாத அவகாசம் உண்டு. நிலுவையோடு, அதனால் பட்ட நட்டத்துக்கு 5,000 பவுண்டு வரை இழப்பீடும் கிடைக்கலாம். "டிப்ஸில் எனக்கு உரிமை இல்லை" என்று வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்தத் தாள் இந்த உரிமையைப் பறிக்காது.