பில் படிவத்தில் விலை வந்து விழும் வழி

ஊட்டி கமர்ஷியல் சாலையில் தேயிலைத் தூளும் சாக்லேட்டும் விற்கும் ஒரு கடையில், விற்பனையாளர் கணினித் திரையில் பாதாம் சாக்லேட் என்று தேர்ந்தெடுத்து, 250 கிராம் என்று குறித்த உடனே, விலைக்கான கட்டம் தானாக நிரம்பிவிடுகிறது. அந்த எண் படிவத்துக்குள் எழுதி வைக்கப்பட்டதன்று. பொருளின் பெயரோடு சேர்த்து வைக்கப்பட்டதும் அன்று. எந்தப் பொருள், எவ்வளவு எடையுள்ள பொட்டலம், வாங்குபவர் சில்லறை வாடிக்கையாளரா மொத்த வியாபாரியா, வாங்கும் நாள் எது என்ற நான்கும் தெரிந்தால்தான் விலை என ஒன்றைச் சொல்ல முடியும்.

இந்த நான்கும், கடையின் தகவல்களை ஒழுங்காகச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பொருள்களுக்கு ஓர் அட்டவணை, பொட்டல அளவுகளுக்கு ஒன்று, வாடிக்கையாளர் வகைகளுக்கு ஒன்று, விலைகளுக்கு ஒன்று எனத் தகவல் பிரித்து வைக்கப்படுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரைதான் இம்முறைக்கு அடித்தளம். விலை அட்டவணையில் பாதாம் சாக்லேட் என்ற பெயர் எங்கும் வராது. அந்தப் பொருளுக்குரிய அடையாள எண் மட்டுமே வரும். பெயரை நாளை மாற்ற நேர்ந்தால், பொருள் அட்டவணையில் ஒரே ஒரு வரிசையைத் திருத்தினால் போதும். விற்பனையாளரின் கண்ணுக்குப் பெயரைக் காட்டும் படிவமும், தரவுத்தளம் இருக்கும் மையக் கணினியான சர்வருக்கு எண்ணையே அனுப்புகிறது.

அங்கே, தரவுத்தளத்திடம் தகவல் கேட்பதற்கான எஸ்க்யூஎல் மொழியில் ஒரு வினவல், அதாவது கேள்வி, ஓடுகிறது. வெவ்வேறு அட்டவணைகளில் ஒரே அடையாள எண்ணைக் கொண்ட வரிசைகளை இணைத்து, ஒரே வரிசைபோல வாசிக்கும் இச்செயலை ‘ஜாயின்’ என்பார்கள். பத்து லட்சம் வரிசைகள் இருந்தாலும் தேடல் கணத்தில் முடிவதற்குக் காரணம் ‘இன்டெக்ஸ்’ என்னும் துணை அமைப்பு. போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் உருவாக்கி, 1972இல் விளக்கிய ‘பி-ட்ரீ’ என்ற கட்டமைப்பே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு படியிலும் நூறு கிளைகள் பிரிவதாகக் கொண்டால், மூன்றே படிகளில் பத்து லட்சத்தில் ஒன்றைத் தொட்டுவிடலாம்.

தேடலின் வேகத்தைவிட அதிகக் கவனம் வேண்டுவது நாள். இதற்குச் சாக்லேட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது சாக்லேட்டுக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் மென்பொருள், 2025 ஆகஸ்டில் போட்ட பில்லை மறுபடியும் கணக்கிட்டால் தவறான வரியையே காட்டும். ஆகவே மூன்று விகிதங்களும் தத்தம் தொடக்க நாளோடும் முடிவு நாளோடும் மூன்று வரிசைகளாக நிற்க வேண்டும். தொடக்க நாளைச் சேர்த்தும் முடிவு நாளை நீக்கியும் கணக்கிடுவது பாதுகாப்பானது. அப்போது செப்டம்பர் 22 என்ற நாள் முந்தைய வரிசைக்கு முடிவாகவும் அடுத்ததற்குத் தொடக்கமாகவும் எழுதப்பட்டாலும், அந்த நாளில் விற்ற பொருள் புதிய விகிதத்தில் மட்டுமே சேரும். கடையின் சொந்த விலைகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

நாள் வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டால், வினவலுக்கு இரண்டு வரிசைகள் விடையாக வரும். அவற்றில் முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும் படிவம் ஆபத்தானது, ஏனெனில் வரிசைப்படுத்தும்படி கேட்காதவரை எது முதலில் வரும் என்பதற்குத் தரவுத்தளம் உறுதி தருவதில்லை. வரிசையே கிடைக்காத நிலை வேறு. அப்போது கட்டம் வெறுமையாக இருந்து, விற்பனை அங்கேயே நிற்க வேண்டும். சுழியம் என்று நிரப்பினால் சாக்லேட் இலவசமாகப் போய்விடும்! பணத்தொகையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகவோ, துல்லியமான பதின்ம வகையிலோ சேமிப்பதும் அவசியம். கணினியின் வழக்கமான இரும முறையில் 0.1 என்ற எண்ணைக்கூடச் சரியாக எழுத முடியாது.

விலை கிடைத்ததும் அதைப் பில்லுக்குரிய அட்டவணையில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஒரு தகவலை ஓரிடத்தில் மட்டுமே வைப்பது என்ற விதியை இது மீறுவதாகத் தோன்றலாம். ஆனால் ‘இன்றைய விலை 240 ரூபாய்’ என்பதும் ‘இந்த வாடிக்கையாளரிடம் 240 ரூபாய் வாங்கினோம்’ என்பதும் இரு வேறு தகவல்கள். முன்னது நாளை மாறலாம், பின்னது மாறக் கூடாது. திரையில் காட்டிய விலையை அப்படியே நம்பாமல், பதிவு செய்யும் வேளையில் சர்வர் மீண்டும் ஒருமுறை தேடிச் சரிபார்ப்பதும் இதனால்தான். உலாவியில் தெரியும் எண்ணை யாரும் மாற்றி அனுப்பிவிடலாம்.

மலையில் இணையம் எப்போதும் இருக்கும் என்று எண்ணி எழுதிய படிவம் மழைக்காலத்தில் பயன்படாது. எனவே கோத்தகிரியில் உள்ள ஒரு கிளைக் கடையின் கணினியில் விலை அட்டவணையின் நகல் ஒன்று தேவைப்படும். அடுத்த வாரம் அமலுக்கு வரும் விலையையும் அதன் தொடக்க நாளோடு முன்கூட்டியே அந்த நகலில் சேர்த்துவிடலாம் என்பதால், இணைப்பு அறுந்திருந்தாலும் உரிய நாளில் புதிய விலை தானாக வந்துவிடும். இணைப்பு திரும்பியதும் பில்கள் ஒவ்வொன்றாகச் சர்வருக்குப் போகும். அங்கே அவற்றை ஒப்பிட வேண்டியது வந்து சேர்ந்த நாளின் விலையோடு அன்று, பில் போட்ட நாளின் விலையோடு.