ஒடித்தால்தான் காய்க்கும் முருங்கை

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று ஒரு பழமொழி உண்டு. பின்பாதியைக் குப்பையில் போட்டுவிடலாம். முன்பாதியில் நல்ல தாவரவியல் இருக்கிறது.

எங்கள் கொல்லையில் நின்ற மரத்தைப் பாவம் பார்த்துப் பல வருடங்கள் வெட்டாமல் விட்டிருந்தோம். அது மாடிக்கு மேலே போய்க் காய்த்தது. துறட்டிக்கு எட்டாத காய்கள் முற்றி வெடிக்க, இறக்கை முளைத்த விதைகள் பக்கத்து வீட்டு வாசலில் போய் விழுந்தன. ஓர் ஐப்பசிக் காற்றில் நடுமரம் மளுக்கென்று ஒடிந்தது. முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சும்மாவா கேட்டார்கள்! இடுப்பளவுக்கு ஒரு மொட்டைக் கட்டைதான் மிஞ்சியது. சில வாரங்களில் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தளிர்கள்.

அவை எங்கிருந்து வந்தன? ஒவ்வோர் இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு இருக்கும். நுனிக்குருத்து உயிரோடு இருக்கும்வரை அவற்றில் பல உறங்கிக் கிடக்கும். குருத்தில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே மணிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் கீழிறங்கி, அவற்றை எழும்பவிடாமல் தடுக்கிறது. 1930களில் கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் அவரை இனச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் பக்க மொட்டுகள் எழவில்லை.

கதை அதோடு முடியவில்லை. நுனியை வெட்டியதும், ஆக்சின் குறைந்த செய்தி வந்து சேரும் முன்பே கீழ் மொட்டுகள் விழித்துவிடுகின்றன. பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு ஒன்று 2014-ல் இதற்கு விடை சொன்னது: மொட்டை முதலில் எழுப்புவது சர்க்கரை. பந்தியில் முதலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிடுகிறவன் எழுந்து போனால் மற்றவர்களுக்குச் சோறு கிடைக்கும் அல்லவா, அப்படித்தான். மொட்டைக் கட்டையில் இலையே இல்லாதபோது, அடிமரமும் வேரும் சேமித்து வைத்த மாவுச்சத்து கரைந்து அந்தச் சர்க்கரையாகிறது. ஒரு பெரிய மரத்துக்குத் தண்ணீர் இறைத்த வேர் இப்போது பத்துத் தளிர்களுக்கு மட்டும் இறைக்கிறது. விதையிலிருந்து வரும் கன்றுக்கு இந்த வசதி கிடையாது. முருங்கை பூப்பது பெரும்பாலும் இளங்கிளைகளில் என்பதால், தளிர் பெருகினால் பூவும் பெருகும்.

போத்து, அதாவது மரத்திலிருந்து வெட்டிய கிளைத்துண்டு, நட்டால் பிழைப்பதும் இதே ஆக்சினால்தான். மேலிருந்து கீழ்நோக்கியே நகரும் அந்த ஹார்மோன் வெட்டிய அடிமுனையில் தேங்கி, அங்கே வேர்விடத் தூண்டுகிறது. அதனால்தான் போத்தைத் தலைகீழாக நடக்கூடாது. மேல்முனையில் சாணி அப்புவது, வெட்டுவாய் காய்ந்து போகாமல் இருக்க. போத்து தாய்மரத்தின் அச்சு அசல் நகல். நீண்ட காய் தரும் யாழ்ப்பாண முருங்கையின் போத்தை நட்டால் அதே காய்தான் வரும். விதையில் அந்த உத்தரவாதம் இல்லை, ஏனென்றால் வண்டும் தேனீயும் எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்தன என்று யார் கண்டது?

பெரியகுளத்தில் உருவாகி 1989-ல் வெளியான பி.கே.எம்.1 விதை போட்டே வளர்க்கும் ரகம். அதற்கும் கத்தி உண்டு. முக்கால் மீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ளுவார்கள். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்வார்கள். நான்கைந்து மாதங்களில் மறுபடி காய்க்கும்.

ஒன்றில் மட்டும் முருங்கை கறார்: வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வெட்டுவதை அது பொறுத்துக்கொள்ளும், ஈரத்தைப் பொறுக்காது.

எங்கள் கட்டையில் திசைக்கொன்றாக நான்கு தளிர்களை விட்டு, மற்றவற்றைக் கீரைக்குக் கிள்ளிவிட்டோம். இப்போது காய்களைக் கையாலேயே பறிக்கிறோம். துறட்டி எதிர்வீட்டு மாமரத்துக்கு இரவல் போயிருக்கிறது.