ஒரே சாவிக்குப் பத்துப் பூட்டு

2017-இல் மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் நுழைந்தது, அதன் இணையச் செயலி ஒன்றுக்கு அடித்தளமாக இருந்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டை வழியாக. அதை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது; மே மாதம் அவர்கள் நுழைந்தபோதும் அந்த சர்வரில் அது போடப்படவில்லை. சரி, இந்த அசட்டை எங்கும் உண்டு. கவனிக்க வேண்டியது அப்புறம் நடந்ததைத்தான்.

உள்ளே ஒரு ஃபைலில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் குறியாக்கம் செய்யாமல், அதாவது யாரும் படிக்கக்கூடியபடி, கிடந்தன. அவற்றை வைத்து, அந்தச் செயலிக்குச் சம்பந்தமே இல்லாத 48 டேட்டாபேஸ்களைத் திறந்து, ஏறக்குறைய 9,000 குவெரிகள் (தகவல் கேட்கும் கட்டளைகள்) ஓட்டினார்கள். நெட்வொர்க்கில் போய்வரும் டிராஃபிக்கைச் சோதிக்கும் கருவியும் இருக்கத்தான் செய்தது. அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், குறியாக்கப்பட்ட டிராஃபிக்கை அது பிரித்தே பார்க்கவில்லை. ஜூலை கடைசியில் சான்றிதழைப் புதுப்பித்ததும் விஷயம் வெளிப்பட்டது.

ஆக, பாதுகாப்பு அடுக்குகள் இருந்தால் மட்டும் போதாது; ஒன்று விழுந்தால் அடுத்தது வேறு காரணத்தால் நிற்க வேண்டும். உதாரணமாக, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 3306 போர்ட்டை, அதாவது அதன் இணைப்பு வாசலை, இணையத்துக்கு மூடி, செயலி சர்வருக்கு மட்டும் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் திறந்துவிடுகிறது. ஆனால் செயலியிலேயே ஓட்டை இருந்தால்? பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் மேற்கோள்குறியோடு ‘அல்லது 1=1’ என்ற நிபந்தனையை, குவெரிகள் எழுதும் எஸ்க்யூஎல் மொழியில் தட்டுகிறார். உள்ளீட்டை அப்படியே குவெரியோடு ஒட்டும் செயலி என்றால், எல்லா வரிசைகளுக்கும் நிபந்தனை உண்மையாகி மொத்த டேபிளும் வந்து விழும். அனுமதிக்கப்பட்ட சர்வரிலிருந்து வருவதால் ஃபயர்வாலுக்கு இதில் எந்தத் தப்பும் தெரியாது. குவெரியின் வடிவத்தை முதலில் அனுப்பி, மதிப்பைத் தனியே அனுப்பினால், தட்டியது வெறும் விசித்திரமான பெயராகவே நிற்கும்.

அதையும் தாண்டினால் அனுமதிகள் தடுக்கும். செயலியின் கணக்குக்குத் தேவையான டேபிள்களைப் படிக்கும் உரிமை மட்டும் இருந்தால், சம்பளப் பட்டியலைக் கேட்டாலும் டேட்டாபேஸ் மறுத்துவிடும்.

வட்டுக் குறியாக்கத்தைத்தான் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். ஹார்ட்டிஸ்க்கோ பேக்கப்போ களவுபோனால் அது உதவும். சரியான பாஸ்வேர்டோடு வருபவருக்கு டேட்டாபேஸே தகவலைப் பிரித்துக் கொடுத்துவிடும். அதைத் தடுக்க, டேபிளின் முக்கியமான பத்திகளை (காலம்களை) செயலியிலேயே குறியாக்கி, சாவியை வேறிடத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாக, யார் எப்போது எதைப் படித்தார்கள் என்று குறித்துவைக்கும் பதிவேடு. அதை டேட்டாபேஸ் நிர்வாகியும் அழிக்க முடியாத வேறொரு கணினிக்கு அனுப்புவார்கள். வழக்கமாக ஓரிரு வரிசைகளைப் படிக்கும் கணக்கு நள்ளிரவில் லட்சக்கணக்கில் அள்ளினால், அங்கிருந்துதான் எச்சரிக்கை போகும்.